பூட்டிய அறையும் புற்று மண்ணும்: கறையானிடமிருந்து வீட்டைக் காத்த வரலாறு



மழை விட்ட மாலையில் பால்கனி விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். காலையில் உதிர்ந்த இறக்கைகளைப் பெருக்கித் தள்ளியதும் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஈசலும் கறையானும் ஒன்றுதான். புதுக் குடும்பம் தொடங்குவதற்காக இறக்கை முளைத்துப் புற்றை விட்டுக் கிளம்பும் ஆணும் பெண்ணும்தான் ஈசல். இறக்கை உதிர்ந்த பிறகுதான் அவற்றின் உண்மையான வேலை ஆரம்பமாகிறது.

வரும் பொதுக்குழுவில் கறையான் தடுப்புச் செலவு விவாதத்துக்கு வருகிறது. இப்போதே இரண்டு கருத்துகள் காதில் விழுகின்றன. "இது தரைத்தளத்துக்காரர்கள் பிரச்சினை, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்" என்பது ஒன்று. "நல்ல மருந்தாக ஒரு தடவை அடித்துவிட்டால் போதும், அப்புறம் கவலை இல்லை" என்பது இன்னொன்று. நான் வணிகவியல் படித்து வங்கியில் எழுத்தராக இருந்தவன். பூச்சியியல் நிபுணன் அல்ல. ஆனால் ஒரு கணக்கு ஏன் உதைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பழைய பேரேட்டைப் புரட்ட வேண்டும் என்பது எங்கள் தொழில் பாடம். கறையானின் பழைய பேரேட்டைப் புரட்டினால் இந்த இரண்டு கருத்துகளுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

நம் முன்னோர் அறிந்தது

கறையானுக்குத் தமிழில் சிதல், செல் என்ற பழைய பெயர்களும் உண்டு. இன்றைக்கும் பழைய பத்திரத்தைப் பார்த்து "செல்லரித்துப் போச்சு" என்கிறோமே, அந்தச் செல்தான். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் ஓர் ஏழைப் பாணனின் வீட்டு அடுக்களை வருகிறது. இடிந்த பழைய சுவரைக் கறையான் கூட்டம் அரித்திருக்கிறது. அந்தப் புழுதியில் காளான் பூத்திருக்கிறது. சமைக்க ஒன்றும் இல்லாத வீட்டின் வறுமையைக் காட்ட அந்தப் புலவர் தேர்ந்தெடுத்த அடையாளங்களில் கறையானும் ஒன்று. பராமரிப்பு நின்று போன வீட்டுக்குள் முதலில் குடியேறுவது யார் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

தேவார ஏடுகளைப் பற்றிய மரபுச் செய்தியும் நமக்குத் தெரிந்ததுதான். தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்த ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது புற்று மூடியிருந்தது என்றும், அரித்தது போக மிஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்றும் சொல்வார்கள். பக்தியோடு சொல்லப்படும் செய்தி அது. வீட்டுக்காரன் கண்ணோடு பார்த்தால் அதில் வேறொரு பாடமும் இருக்கிறது. அறை பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தது. நெடுங்காலம் யாரும் திறந்து பார்க்கவில்லை. ஏடு வைத்திருந்த குடும்பங்கள் அவற்றை அவ்வப்போது அவிழ்த்துக் காற்றாட வைத்து, எண்ணெய் பூசி, நைந்தவற்றைப் புதிய ஓலையில் படி எடுத்து வந்தன. ஏடு பிழைத்தது அந்த வழக்கத்தால்தான்.

கட்டடத்திலும் இதே அறிவு இருந்தது. நம் பழைய வீடுகளில் மரத்தூண் நேரடியாக மண்ணில் நிற்காது. அடியில் ஒரு கல் இருக்கும். திண்ணையும் உயர்ந்த அடித்தளமும் வெள்ளத்துக்கு மட்டுமல்லாமல் கறையானுக்கும் தடை. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்ததற்கு அழகும் அந்தஸ்தும் ஒரு காரணம் என்றால், தேக்கின் வைரப் பகுதியைக் கறையான் எளிதில் தொடாது என்பது இன்னொரு காரணம். அந்த மரத்தில் இயற்கையாகவே உள்ள சில ரசாயனங்கள் கறையானுக்கு ஒத்துக்கொள்வதில்லை. வசதி குறைந்தவர்கள் வைரம் பாய்ந்த பனங்கையைக் கூரைக்குப் போட்டார்கள். ஒரு எச்சரிக்கை: தேக்காகவே இருந்தாலும், வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்ப் பகுதிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இன்று "தேக்கு நிலை" என்று வாங்கும்போது இதையும் கவனிக்க வேண்டும்.

தரங்கம்பாடியிலிருந்து ஒரு கட்டுரை

கறையானை அறிவியல் முறையில் ஆராய்ந்து எழுதியதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. ஜோஹன் ஜெரார்டு கோனிக் என்ற மருத்துவர், லின்னேயஸின் மாணவர், 1768ல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வந்தார். தஞ்சைப் பகுதியில் தாம் கண்ட கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779ல் ஜெர்மன் மொழியில் வெளியானது. அந்தத் துறையின் தொடக்ககாலக் கட்டுரைகளில் ஒன்று அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1781ல், மேற்கு ஆப்பிரிக்காவில் கறையான் புற்றுகளை ஆராய்ந்த ஹென்றி ஸ்மீத்மேன் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விரிவான கட்டுரை கொடுத்தார்.

இப்படித் தொடங்கிய ஆய்வுகளால் தெளிவானது இதுதான். ஆங்கிலத்தில் "வெள்ளை எறும்பு" என்று அழைத்தாலும் கறையான் எறும்பு இனம் இல்லை. கரப்பான் பூச்சிக்குத்தான் நெருங்கிய சொந்தம். நிலத்தடியில் ராணியும் ராஜாவும், வேலைக்காரக் கறையான்களும், சிப்பாய்களும் கொண்ட ஒரு பெரிய குடியிருப்பு இருக்கிறது. நம் கண்ணில் படுபவை இரை தேடி வந்த வேலைக்காரர்கள் மட்டுமே. அவற்றின் உடம்பு மென்மையானது. வெயிலும் வறண்ட காற்றும் ஆகாது. அதனால்தான் சுவரில் மண்ணால் குழாய்போல் மூடிய பாதை கட்டிக்கொண்டு வருகின்றன. அந்த மண் கோட்டைத் துடைத்து எடுப்பதால் ராணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஒரு ஊரே தோற்ற கதை

இந்த அறிவெல்லாம் அச்சில் வந்த பிறகும் ஒரு ஊர் கறையானிடம் தோற்றது. நெப்போலியன் சிறை வைக்கப்பட்டு 1821ல் இறந்த செயின்ட் ஹெலினா தீவு நமக்குப் பள்ளிப் பாடத்திலேயே பழக்கம். தென் அட்லாண்டிக் கடலில் தனியாகக் கிடக்கும் அந்தத் தீவுக்கு 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கறையான் வந்து சேர்ந்தது. பிடிபட்ட அடிமை வணிகக் கப்பல்களை உடைத்து, அந்த மரங்களைத் தலைநகரான ஜேம்ஸ்டவுனில் அடுக்கி வைத்தார்கள். கறையான் அந்த மரங்களுக்குள் இருந்தது.

சில ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. 1860களில் பார்த்தபோது ஊர் பாழாகியிருந்தது. கூரை உத்தரங்கள், தரைப் பலகைகள், கதவு நிலைகள் எல்லாம் உள்ளே கூடாக இருந்தன. பொது நூலகத்தில் புத்தகங்களின் அட்டை அப்படியே இருக்க, உள்ளே தாள்களைத் தின்று தீர்த்திருந்தன. அலமாரியில் வரிசையாகப் புத்தகம் இருப்பதுபோல் தோன்றும். கையில் எடுத்தால் ஒன்றும் இருக்காது. பிறகு அந்த ஊர் பெரும் செலவில் கல்லையும் இரும்பையும் கறையான் தொடாத மரங்களையும் கொண்டு தன்னைத் திரும்பக் கட்டிக்கொண்டது. 1865ல் அமைத்த சந்தைக் கட்டடம் வார்ப்பிரும்பால் ஆனது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கறையான் வந்தது யாருடைய வீட்டு மரத்திலும் அல்ல. பொது இடத்தில் அடுக்கி வைத்த, யாருக்கும் சொந்தமில்லாத பழைய மரத்தில். நம் படிக்கட்டுக்கு அடியிலும் மீட்டர் அறையிலும் "அப்புறம் பார்க்கலாம்" என்று சாத்தி வைத்திருக்கும் பழைய கதவு, கட்டில் பலகை, அட்டைப்பெட்டிகளை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

மரத்துக்கு மருந்து, பிறகு மண்ணுக்கு மருந்து

ரயில் பாதைக்குக் கட்டைகளும் தந்திக் கம்பங்களும் லட்சக்கணக்கில் தேவைப்பட்ட காலத்தில், மரத்துக்கே மருந்து ஏற்றும் தொழில் வளர்ந்தது. 1838ல் இங்கிலாந்தில் ஜான் பெத்தல் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் எண்ணெயை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது நன்றாக வேலை செய்தது. ஆனால் நாற்றமும் பிசுக்கும் காரணமாக வீட்டுக்குள் வைக்க முடியாது.

அடுத்த பெரிய அடி இந்தியாவில் விழுந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசன் 1933ல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்தைக் கண்டுபிடித்தார். செம்பு பூஞ்சணத்தைத் தடுக்கும். ஆர்சனிக் பூச்சியைத் தடுக்கும். குரோமியம் இரண்டையும் மழையில் கரைந்து போகாமல் மரத்தோடு பிணைத்து வைக்கும். 1938ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. உலகம் முழுக்கக் கம்பங்களும் வேலிகளும் வீட்டு மரங்களும் பல பத்தாண்டுகள் இந்த இந்தியரின் கலவையில்தான் ஊறின. நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? ஆனால் அந்த மருந்துக்கும் ஒரு காலக்கெடு வந்தது. ஆர்சனிக் பற்றிய கவலையால் 2003ஆம் ஆண்டு இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதைப் பயன்படுத்துவதை உற்பத்தியாளர்கள் கைவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கவனம் மரத்திலிருந்து மண்ணுக்கு மாறியது. குளோர்டேன், ஆல்ட்ரின், ஹெப்டகுளோர் போன்ற குளோரின் மருந்துகளை அடித்தளத்து மண்ணில் ஊற்றினால் பல ஆண்டுகளுக்குக் கறையான் அந்தப் பக்கமே வராது. "ஒரு தடவை அடித்தால் போதும்" என்ற நம்பிக்கை பிறந்தது இந்தக் காலத்தில்தான். அன்றைக்கு அது பெருமளவு உண்மையாகவும் இருந்தது. அந்த மருந்துகள் மண்ணில் சிதையாமல் நீண்ட காலம் கிடந்ததே காரணம். அதே குணம்தான் வில்லங்கமாகவும் ஆனது. மண்ணில் சிதையாத விஷம் மனித உடலின் கொழுப்பிலும் தங்கியது. 1988ல் அமெரிக்காவில் குளோர்டேன் விற்பனை நின்றது. இந்தியாவில் 1996ல் இந்த மூன்றும் தடை செய்யப்பட்டன. 2001ல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பன்னிரண்டு நச்சுகளின் பட்டியலிலும் இவை இடம்பெற்றன.

பிறகு வந்த குளோர்பைரிபாஸை வீடுகளில் பயன்படுத்துவதை அமெரிக்கா 2000லிருந்து படிப்படியாகக் குறைத்தது. இன்றைய மருந்துகள் முந்தையவற்றைவிட விரைவில் சிதைபவை. நம் உடம்புக்கு அது நல்லது. ஆனால் வரவுப் பக்கம் இருப்பதற்குச் செலவுப் பக்கமும் உண்டு: பாதுகாப்புக்கும் ஆயுள் குறைவு. தாத்தா காலத்து மருந்தின் ஆயுளை இன்றைய மருந்திடம் எதிர்பார்ப்பது, பழைய வட்டி விகிதத்தில் இன்றைக்கு வைப்புத்தொகை போடுவது போலத்தான்.

சுதந்திர தேவி சிலையின் பாடம்

1990களில் வேறொரு வழி திறந்தது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் நான்-யாவ் சூ, கறையானை விரட்டுவதை விட்டு, அதற்குச் சாப்பாடு போடும் முறையை உருவாக்கினார். மண்ணில் சிறு குழாய்கள் பதித்து மரத்துண்டு வைப்பார்கள். கறையான் வந்து தின்னத் தொடங்கியதும், ஹெக்ஸாபுளுமுரான் கலந்த இரையை மாற்றி வைப்பார்கள். கறையான் வளர்வதற்குத் தோல் உரிக்க வேண்டும். இந்த மருந்து அதைத் தடுக்கிறது. உடனே கொல்லாததால், தின்றவை தம் கூட்டத்துக்கும் ஊட்டிவிடுகின்றன. மெல்ல மெல்லக் குடியிருப்பே அழிகிறது. 1995ல் இந்த முறை சந்தைக்கு வந்தது. நியூயார்க் சுதந்திர தேவி சிலை வளாகத்தில் இருந்த கறையானையும் இதே முறையில் ஒழித்தார்கள்.

இதில் மருந்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. யாராவது குறிப்பிட்ட நாட்களில் ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த முறையே இல்லை. ஏடுகளை அவ்வப்போது அவிழ்த்துப் பார்த்த நம் முன்னோரின் வழக்கத்துக்கே அறிவியல் திரும்பி வந்திருக்கிறது.

நம் குடியிருப்புக்கு என்ன சொல்கிறது?

இவ்வளவு நீண்ட கணக்கின் சுருக்கம் இது: மருந்து தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. மாறாதவை மூன்று: கறையான் மண்ணிலிருந்து வருகிறது, ஈரத்தைத் தேடுகிறது, யாரும் பார்க்காத இடத்தில் ஜெயிக்கிறது.

மண் யாருடையது? அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்துக்காரருக்கு என்று தனி மண் கிடையாது. நம் எல்லோருடைய பத்திரத்திலும் பிரிபடாத பாகமாக எழுதியிருப்பது அந்த நிலம்தான். அதிலிருந்து கிளம்பும் கறையானும் நம் எல்லோருக்கும் பொது. தண்ணீர்க் குழாய் போகும் டக்ட், மின்கம்பிக் குழாய், சுவர் விரிசல் வழியாக அது மேல் மாடிக்கும் ஏறும். மாடியில் நிரந்தரக் கசிவு இருந்தால், மண்ணுக்குத் திரும்பாமல் அங்கேயே குடும்பம் நடத்தக்கூடிய இனங்களும் உண்டு. ஒரு வீட்டுக்காரர் தன் செலவில் தன் வீட்டுக்குள் மட்டும் மருந்து அடித்தால், கறையான் பக்கத்துச் சுவர் வழியாகப் பாதையை மாற்றிக்கொள்ளும். ஆகவே சுற்றுப்புற மண்ணுக்கான சிகிச்சை பொதுச் செலவிலும், வீட்டுக்குள் மரச்சாமான்களுக்கான சிகிச்சை அவரவர் செலவிலும் இருப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

அடுத்தது பூட்டிய வீடுகள். நம் குடியிருப்பில் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருப்பவர்களின் வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. பராமரிப்புத் தொகை ஒழுங்காக வருகிறது. அதில் குறை இல்லை. ஆனால் உள்ளே கிச்சன் கேபினட்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பின்பும், உரிமையாளர் நியமிக்கும் ஒருவர் முன்னிலையில் திறந்து பார்க்க அவர்கள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இது அவர்களுடைய சொத்தையும் பக்கத்து வீட்டுக்காரரின் சொத்தையும் சேர்த்துக் காக்கும் ஏற்பாடு.

வேலையை ஒப்பந்தத்துக்குக் கொடுக்கும்போது கேட்க வேண்டியவையும் உண்டு. கறையான் தடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313 என்ற எண்ணில் 1971லிருந்து இருக்கிறது. அதன் முதல் பாகம் கட்டுமான முறை பற்றியது. இரண்டாம் பாகம் கட்டும் முன் செய்யும் மருந்து வேலை. மூன்றாம் பாகம் நம்முடையதைப் போல் கட்டி முடித்த கட்டடங்களுக்கானது. அதன்படி தரையும் சுவரும் சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, ஒரு துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் வரை கரைசல் செலுத்த வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 மீட்டர் சுவருக்கு 100 துளைகள். 20 துளை போட்டுவிட்டு "முடிந்தது சார்" என்று பில் நீட்டினால் அது முடிந்த வேலை ஆகாது.

நாம் உடனே செய்யக்கூடியவை:

1. கட்டும்போது செய்த மருந்து வேலைக்குக் கட்டுநர் கொடுத்த சான்று சங்கக் கோப்பில் இருக்கிறதா என்று தேடுவோம். எந்த ஆண்டு, எந்த மருந்து என்பது தெரிந்தால்தான் அடுத்தது எப்போது என்று முடிவு செய்ய முடியும்.

2. ஒப்பந்தத்தில் மருந்தின் பெயர், கலக்கும் அளவு, துளைகளின் எண்ணிக்கை, இலவச மறு ஆய்வு எத்தனை முறை என்பதை எழுதி வாங்குவோம். சம்ப், போர்வெல் அருகே மருந்து செலுத்துவதில் தனி எச்சரிக்கை வேண்டும், குடிப்பது நாம்தான்.

3. படிக்கட்டு அடியிலும் மீட்டர் அறையிலும் உள்ள பழைய மரம், அட்டைப்பெட்டிகளை அகற்றுவோம். சுவரை ஒட்டி மண் குவித்து வளர்க்கும் செடிகளைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்.

4. குளியலறைச் சுவர் ஓதம், ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடம் இவற்றை உடனே சரிசெய்வோம். ஓதம் கறையானுக்கு அழைப்பிதழ்.

5. சுவரில் மண் கோடு தெரிந்தால் முழுவதும் துடைத்துவிடாதீர்கள். சிறிய இடத்தில் மட்டும் உடைத்து, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். சில நாளில் அது திரும்ப மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். சங்க அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

6. அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் பழைய லெட்ஜர்கள் இருந்த அறையில் சுவரை ஒட்டிய அடுக்கு மட்டும் அரித்துப் போனது. நடுவில் இரும்பு ரேக்கில் இருந்தவை தப்பின. வீட்டுப் பத்திரம், சான்றிதழ்களுக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, கறையான் தடுப்பை ஒரு முறை செலவாக எழுதாமல், லிஃப்ட் பராமரிப்பு போல ஆண்டுதோறும் வரும் தலைப்பாக வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். சேதம் வந்தபின் ஒரு வீட்டுக்காரர் தனியாகச் சுமக்கும் தொகையோடு ஒப்பிட்டால், எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஆய்வுச் செலவு சிறியது. பொதுக்குழுவுக்கு வாருங்கள், மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, டார்ச் விளக்கோடு உங்கள் பரணையும் சிங்க் அடியையும் கதவு நிலைகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.